கடைசி டிராமுக்குப் பிறகு

புர்னோ நகரில்
நான்காம் எண் டிராம் மேட்டில் திரும்பும்போதெல்லாம்
நிலவறையில் ஒரு துளித் தண்ணீர் நடுங்கும்.
காற்றின்மேல் மிதக்கவிட்ட இரும்பு மேசைதான்.
இருந்தாலும் நடுங்கும்.

அந்தத் துளிக்குள்
ட்ரஹோமீரா ஆறு ஈஸ்ட்டுகளைப் பிடித்துவைத்திருக்கிறாள்.
தெருமுனைக் கடையில் வாங்கியது,
ரொட்டி சுடுகிறவர்கள் வாங்கும் அதே பழுப்புக் கட்டி.
அதில் கோடானுகோடி.
அவளுக்கு வேண்டியது ஆறு,
அறுகோணமாய், மூலைக்கு ஒன்று.
வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டிய அறிக்கையில்
மூன்றாம் பக்கத்தில் அதற்கென்று ஒரு கட்டம்
காலியாகக் கிடக்கிறது.

விரல் படாது. கொக்கி கிடையாது.
ஒரே லேசர், ஆறாய்ப் பிரிந்து
ஆறு ஊசிமுனைகளாய்க் குவிந்து நிற்கிறது.
அகச்சிவப்பு; அவள் கண்ணுக்கே தெரியாது.
செல்லுக்குள் நுழைந்த ஒளி வளைந்து வெளியேறும்.
வளைத்ததற்கு விலையாக
செல் அந்த முனைப்பக்கம் இழுபடும்.
எடையே இல்லாத ஒன்று போடும்
உடும்புப்பிடி.

"வெயில் என்னைத் தள்ளியதே இல்லையே"
என்றான் ஸ்வாட்டோப்லுக், பியர்க் கடையில்.
"நீ ரொம்பப் பெரிய ஆள்" என்றாள்.

டிராம்கள் ஓடும்வரை பிடியை இறுக்கியே வைக்கவேண்டும்.
தளர்த்தினால் ஒரு குலுக்கலில் ஓடிவிடும்.
இல்லை, ஓடாது. ஈஸ்ட்டுக்கு வால் இல்லை.
நழுவும், அவ்வளவுதான்,
தண்ணீர் போகிற போக்கில்.

போன வாரம் பாக்டீரியாவோடு மல்லுக்கட்டினாள்.
அது வேறு சங்கதி.
ஒளிக்குள் நட்டுக்குத்தலாய் நிமிர்ந்து
வாலைச் சுழற்றிச் சுழற்றி
பதினேழாம் நிமிடம் நின்றுபோனது.
குறிப்பேட்டில் 'சூடு' என்று மட்டும் எழுதினாள்.
பேனாவை மூட மறந்துவிட்டாள்.

பன்னிரண்டே கால். கடைசி டிராம் போயிற்று.
மேலே பனி விழுகிறதோ என்னவோ,
நிலவறைக்கு ஜன்னல் இல்லை.
குமிழைத் திருகுகிறாள்.
பாதி.
பாதியில் பாதி.
ஆறும் இடம்விட்டுப் போகவில்லை,
தூக்கத்தில் புரளப் பார்க்கிறவர்கள்போல்
லேசாய் அசைகின்றன.

அப்போதே படம் எடுத்திருக்கலாம்.
தேநீர் ஆறியிருந்தது.
சுடவைக்க மேலே போனவள்
படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணயர்ந்து,
திரும்பியபோது மணி இரண்டு.

வலக்கீழ் மூலையில் இருப்பதன் தோளில்
ஒரு புடைப்பு.
தூசி என்று நினைத்து ஃபோகஸைத் திருப்புகிறாள்.
தூசி இல்லை.
மொட்டு.
இறுக்கி வைத்திருந்த சாயங்காலம் முழுக்க
கூழாங்கல்லாய்க் கிடந்ததுதான் இது.

அறிக்கையில் ஆறு என்று இருக்கிறது.
பிடியைக் கூட்டினால் ஆறாகவே நிற்கும்.
குமிழின்மேல் விரலை வைத்தாள்.
எடுத்தாள்.
பிறகு விசைப்பலகையை இழுத்து
மொட்டுக்குப் பக்கத்தில், தண்ணீரில்,
ஏழாவதாய் ஒரு புள்ளி குறித்தாள்.
ஒளியை ஏழாய்ப் பங்கிட்டால்
எல்லாருக்கும் இன்னும் கொஞ்சம் குறையும்.

முதல் டிராம்
நாலே முக்காலுக்கு.