தொடர்ச்சி

என் வேலை சிறியது.
மெழுகுவத்தி எத்தனை விரற்கடை எரிந்திருந்தது,
எந்தப் பொத்தான் திறந்திருந்தது,
அழுதவளின் கண்ணீர் எந்தக் கன்னத்தில் முதலில் இறங்கியது,
எல்லாவற்றையும் குறித்துக்கொள்வேன்.
நறுக்கி எடுத்ததை நாளை ஒட்டும்போது
தையல் தெரியக்கூடாது.
படம் முடிந்து விளக்கு எரிகையில்
விஸ்மா என்று ஓடி மறையும் ஒரு வரி.

ரிகாவில் ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
தௌகவா ஆறு உறைந்து
கீறல் விழுந்த பழைய கண்ணாடியாய்க் கிடக்கிறது.
கதையும் அங்கேதான்:
பனிக்கட்டி பிளந்து ஆற்றோடு போன கணவன்
மனைவியின் கனவில் தினமும் வந்து தேநீர் குடிக்கிறான்.
விடிந்ததும் கோப்பை பாதி காலி.
அவ்வளவுதான்.
மிச்சமெல்லாம் எல்வீராவின் முகம்.

"கனவையும் நனவையும் ஒரே வெளிச்சத்தில் எடுப்போம்,"
என்றார் இயக்குநர் குந்தார்ஸ்.
"பார்ப்பவனுக்கு எது எதுவென்று பிடிபடக்கூடாது.
உனக்கு மட்டும் தெரிந்தால் போதும், விஸ்மா."
என் ஏட்டில் இரண்டு மை.
நீலம் நனவு.
சிவப்பு கனவு.

செத்தவனுக்கு உடுப்புத் தேடியபோது
ஆல்டிஸின் கம்பளிக் கோட்டை நான்தான் கொடுத்தேன்.
சாம்பல் நிறம், வலது பையில் ஓட்டை.
ஆல்டிஸ் சாகவில்லை.
அயர்லாந்தில் ஒரு காளான் பண்ணையில் இருக்கிறான்.
ஞாயிறுதோறும் பேசினான்,
பிறகு மாதம் ஒருமுறை,
பிறகு என் பிறந்தநாளுக்கு.
பிறகு என் பிறந்தநாள் வந்தது.

பத்தொன்பதாம் நாள்.
"போன முறை கோப்பை எந்தக் கையில்?"
"இடது," என்றேன், ஏட்டைப் பார்க்காமலே.
நடிகன் ஒரு கணம் என்னைப் பார்த்தான்.
பிறகு இடது கையால் எடுத்துக் குடித்தான்,
பிறந்ததிலிருந்தே அப்படிக் குடிப்பவன்போல.

இரவு புகைப்படங்களைப் புரட்டினேன்.
பதினெட்டு நாளும் வலது.
ஆல்டிஸ்தான் இடது கைக்காரன்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.
மறுவாரம் பழைய காட்சிகளையெல்லாம்
திரும்ப எடுத்தார்கள், இடது கையில்.
செலவு கூடியதென்று தயாரிப்பாளர் முனகினார்.
என் தப்பைத் தவிர
மற்றதெல்லாம் திருத்தப்பட்டது.

அன்று கடைசி டிராமில் வந்து கதவைத் திறந்தால்
கோட்டு ஆணியில் தொங்குகிறது.
விளிம்பிலிருந்து சொட்டு, சொட்டு.
உடுப்பறைச் சாவி என் பையில் இருந்தது,
நானே எடுத்து வந்திருக்கலாம்.
வெளியே பனி,
நனைந்திருக்கலாம்.
இப்படி லாம் லாம் என்று அடுக்கினால்
ஒரு படிக்கட்டே கட்டிவிடலாம்,
ஏறித் தப்பித்தும் போய்விடலாம்.

வலது பைக்குள் கையை விட்டேன்.
ஓட்டை இல்லை.
தைத்திருந்தது.
என் தையல்தான், கடைசி முடிச்சு இரண்டுமுறை.
எப்போது தைத்தேன்?

ஏட்டைத் திறந்தேன். என் கையெழுத்து:
காட்சி அறுபத்தொன்று. வீடு, இரவு.
கோட்டு வருகிறது. சரி.

படத்தில் மொத்தமே ஐம்பத்தெட்டு காட்சிகள்.
எழுதியிருந்தது நீலத்திலுமில்லை, சிவப்பிலுமில்லை.
பென்சில்.

தேநீர் போட்டேன். இரண்டு கோப்பை.
ஒன்றின் காதை இடப்பக்கம் திருப்பி வைத்து
ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.
பழக்கம்.
காலையில் ஏதாவது மாறியிருந்தால்
நான் திருத்தவேண்டியது கோப்பையையா
புகைப்படத்தையா?

ஏழு மணிக்குப் படப்பிடிப்பு.
அதற்குள் கோட்டைக் காயவைக்க வேண்டும்.
இல்லை, பொறு,
போன காட்சியின் முடிவில்
அது நனைந்திருந்ததா என்று
முதலில் பார்க்க வேண்டும்.