குட்டிச்சாத்தான்களுக்கு ஒரு திட்டம்

பன்னிரண்டு குட்டிச்சாத்தான்கள்.
உயரம் இடுப்புவரை. உயிர் ஐந்து புள்ளி.
ஒரு வெட்டுத் தாங்க மாட்டார்கள்.
விதிப்புத்தகம் இவர்களுக்குக் கொடுத்தது
அரைப் பக்கமும் துருப்பிடித்த ஈட்டியும்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு
டோர்பனின் சமையலறை மேசையில்
இவர்கள் எல்லோரும் சாக வேண்டும்.
அதற்குத்தானே இருக்கிறார்கள் என்கிறான் துவாரகன்,
தன் நெருப்புருண்டைக்கு
எட்டுப் பகடையை இப்போதே எடுத்து வைத்திருப்பவன்.

இன்று புதன்.
வுப்பர்டாலில் மழை, வேறென்ன.
ஆற்றுக்கு மேலே தொங்கும் ரயிலில்
கட்டம் போட்ட நோட்டில் சுரங்கம் வரைகிறேன்.
வளைவில் பெட்டி ஆடும்போதெல்லாம்
ஒரு சுவர் கோணுகிறது.
கோணட்டும்.
குட்டிச்சாத்தான்கள் கட்டிய சுவர்தானே.

சின்னவர்கள் பெரியவர்களை எப்படி வெல்வார்கள்?
எட்டு மணி நேரம் அதைத்தான் பார்த்துவிட்டு வருகிறேன்.
மழலையர் காப்பகம், மஞ்சள் அறை.
நாலு வயதில் பதினெட்டுப் பேர் ஒரு பக்கம்,
நானும் என் முதுகுவலியும் மறுபக்கம்.

மாட்ஸ் ஒருநாளும் நேரே வருவதில்லை,
மேசைக்கடியில்தான் வருவான்.
எனவே சுரங்கத்தின் உயரம் மூன்றடி.
ஹைக்கே தன் இரும்புச் சட்டையோடு தவழட்டும்,
நீள வாளை வீச இடமிருக்காது.

யெல்டா முதலில் விளக்கை அணைப்பாள்.
மற்றதெல்லாம் அப்புறம்.
(முதல் சுற்று: ஈரச் சாக்கு, பந்தத்தின் மேல்.)

வரிசையில் நில் என்று நாம் கத்தினால்தான்
பதினெட்டுப் பேரும் ஓரிடத்தில் இருப்பார்கள்.
கத்தாதவரை சிதறல்தான்.
துவாரகா, உன் நெருப்புக்கு
ஒருவனுக்கு மேல் அகப்படாது.

வெளியே கிளம்பும் நேரத்தில்
இடது காலணிகள் மட்டும் காணாமல் போகும்.
இரண்டையும் ஒளித்தால் வேறு ஜோடி எடுப்போம்;
ஒன்றை ஒளித்தால்
அந்த ஒன்றையே தேடிச் சாவோம்.
நாலு வயதில் இதைக் கண்டுபிடித்த மூளையை
படைத்தலைவன் ஆக்காமல் என்ன செய்வது?
ஆகவே: மருந்துப் பையைத் தொடாதே.
குப்பிகளின் மூடிகளை எடுத்துக்கொண்டு ஓடு.

பிறகு யோன்டே.
மூலையில் உட்கார்ந்து அழுவான்.
நான் மண்டியிட்டு மூக்கைத் துடைக்கையில்
முதுகுக்குப் பின்னால் பிஸ்கட் டப்பா
சத்தமில்லாமல் நகரும்.
அந்த அழுகை நிஜமா பொய்யா
இரண்டு வருடமாகத் தெரியவில்லை.
அவனுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

எழுதினேன்:
ஒன்பதாம் கட்டத்தில் ஒருவன் அழுகிறான்.
நெருங்குபவர் காலடியில் தரை பெயரும்.
கீழே இருபதடி. கூர்முளைகள்.

வோவிங்கல் வந்து
எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள்.

சனிக்கிழமை எல்லாம் நடந்தது.
பந்தம் அணைந்தது.
துவாரகன் ஒரே ஒருவனைக் கொன்றுவிட்டு
எட்டுப் பகடையையும் வெறித்துப் பார்த்தான்.
டோர்பனின் மருந்தெல்லாம்
பைக்குள்ளேயே ஒழுகியது.
அநியாயம் என்றான்,
காரக்கடலையை மென்றபடி,
சந்தோஷமாக.

ஹைக்கே ஆம்புலன்ஸில்
பன்னிரண்டு மணி நேரம் முடித்து
நேராக வந்திருந்தாள்.
“அழுகிறானா?” என்றாள்.
“அழுகிறான்.”
“வாளைக் கீழே வைக்கிறேன்.
தலைக்கவசத்தைக் கழற்றுகிறேன்.
பக்கத்தில் போய் உட்காருகிறேன்,
மேலிருந்து பார்த்தால் பயப்படுவான்.”

என் திட்டம்
எழுத்துப் பிசகாமல் வேலை செய்துகொண்டிருந்தது.
திரைக்குப் பின்னால்
இருபது முகப் பகடை என் உள்ளங்கையில் வியர்த்தது.

“பேர் என்ன அவனுக்கு?”

பன்னிரண்டு பேருக்கும் உயிர் எழுதியிருந்தேன்,
ஈட்டி எழுதியிருந்தேன்,
தோற்றால் ஓடும் வழிகூட
பென்சிலால் போட்டு வைத்திருந்தேன்.
பேர் எழுதவில்லை.

டோர்பன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

“யோன்டே” என்றேன்.
சொன்ன வேகத்தில் கை திறந்து
பகடை உருளத் தொடங்கியது.