அழிந்தது, அழித்தேன்

ரொவெனா வேலையை விட்டுப் போகிறாள்.
அவள் இடத்துக்கு ஆள் எடுக்க
மனிதவளத் துறை அனுப்பிய படிவத்தில்
ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது:
தேவையான தனிப்பட்ட குணங்கள்,
இருநூறு எழுத்துக்கு மிகாமல்.

பொறுமை என்று அடித்தேன். எடுத்துவிட்டேன்.
கூடி உழைக்கும் மனம். அதையும்.
தர்க்க அறிவு, ஓயாமல் கற்கும் ஆர்வம்…
பன்னிரண்டு வருடம் முன்பு என் விண்ணப்பத்திலும்
இதே சொற்கள்தான்
இஸ்திரி போட்டு நின்றன.

வினிப்பெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
கீழே நிறுத்தத்தில் கார்கள்
மின்கம்பியைக் கவ்விக்கொண்டு தூங்குகின்றன.

அன்றைக்கு இதைவிட ஏழு டிகிரி கீழே.
பள்ளிப் பேருந்துகளுக்கு வழி சொல்லும் மென்பொருள் எங்களுடையது.
குளிர் மிஞ்சினால் பேருந்து ஓடாது.
ஓடாது என்று ஆறு மணிக்குள்
எல்லாப் பெற்றோருக்கும் செய்தி போயாக வேண்டும்.
நாலே முக்காலுக்கு,
சோதனைத் தளம் என்று நினைத்து
உண்மையான தளத்தில் ஒரு வரியை ஓட்டினேன்.
இரண்டு ஜன்னல்கள், இரண்டுமே கறுப்பு.
ஒன்பதாயிரத்துச் சொச்சம் தொலைபேசி எண்கள்
ஒரு கொட்டாவி நேரத்தில் போயின.

"எண்களைக் காணோமே" என்றாள் ரொவெனா,
பின்னால் அவள் குழந்தை இருமிக்கொண்டிருந்தது.
"ஆமாம், காணோம்" என்றேன் நான்.

தமிழில் ஒரு வசதி உண்டு.
அழிந்துவிட்டது என்றால் போதும்,
யார் என்று வாக்கியம் கேட்காது.
பால் பொங்கிவிடும், கண்ணாடி உடைந்துவிடும்,
சாவி தானே தொலைந்துவிடும்.
வீட்டில் ஒருவரும் ஒன்றும் செய்வதில்லை.
ந் இருந்த இடத்தில் த் வைத்தால்தான்
வாக்கியத்துக்குள் ஒருத்தி வந்து நிற்பாள்,
சாம்பல் ஸ்வெட்டரில், உள்ளங்கை வியர்க்க.

அந்த ஓர் எழுத்தைத் தாண்ட
எனக்குப் பதினொரு நிமிடம் ஆனது.

அதற்குள் அவள் நெட்வொர்க்கைச் சந்தேகித்து
ஒலெக்சாண்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி
நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வர் ஒன்றை
நிறுத்திக் கிளப்பச் சொல்லியிருந்தாள்.
எனக்கோ வேலை அனுமதி முடிய நாற்பதே நாள்.
நுணலும் தன் வாயால் கெடும்:
பத்தாம் வகுப்பில் விரித்து எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
வாயை மூடிக்கொண்டிருந்த தவளையால்
குளத்தில் யார் யார் கெட்டார்கள் என்று
கேள்வித்தாளில் கேட்கவில்லை.

"நான்தான்" என்றேன் ஒருவழியாக.
திட்டுவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன்.
"எத்தனை மணிக்கு? நிமிடம் வரை சொல்" என்றாள்.
அவ்வளவுதான்.
அந்த நிமிடத்துக்கு முந்தைய நகலைத் தேடி எடுத்து
எண்களைத் திரும்ப ஏற்றினோம்.

கடைசிப் பள்ளிக்குச் செய்தி போனது ஏழு பத்துக்கு.
டிரான்ஸ்கோனாவில் ஒரு பையன்
ஏழு இரண்டுக்கே தெருமுனைக்குப் போய்விட்டான்.
பனி தள்ள வந்த எதிர்வீட்டுக்காரர்
பார்த்து உள்ளே அழைத்துக்கொண்டார்.
காதுமடல் மட்டும் வெளுத்திருந்ததாம், சரியாகிவிட்டதாம்.
நான் கணக்கில் கெட்டி.
பதினொன்றில் எட்டு போனால் மூன்று.
அந்த மூன்று நிமிடத்தை
இன்னமும் எங்கே சேமிப்பது என்று தெரியவில்லை.

ரொவெனாவின் அறிக்கையில் ஒரே வரி:
"4:56. காரணம் உறுதியானது."
என் பெயர் இல்லை. பதினொன்றும் இல்லை.
அவளிடம் இருந்த அந்தக் குணத்துக்கு
என்ன பெயர், எத்தனை எழுத்து?

கடைசியில் இப்படி நிரப்பி அனுப்பினேன்:
தவறு செய்தால் உடனே வாய் திறப்பவர்.
எதிர்மறையாக ஒலிக்கிறது,
'நேர்மை' என்று மாற்றலாமா என்று பதில் வந்தது.
மாற்றிக்கொள்ளுங்கள்.
நேர்காணலில் உட்காரப் போவது நான்தானே.
கடைசியாக எதை அழித்தீர்கள் என்று கேட்பேன்.
பதிலில் எழுவாய் இருக்கிறதா என்று பார்ப்பேன்,
எத்தனை விநாடி கழித்து
வருகிறது என்றும்.