ஊதா மூடி

கொருக்குப்பேட்டை கேட் போட்டாச்சு.
ஸ்கூட்டியில் என் கால்களுக்கு நடுவே
ஐஸ் பெட்டிக்குள் பதினேழு பேர்
குலுங்காமல் நிற்கிறார்கள்.
நேதாஜி நகர் ஸ்வர்ணாபாயின் சர்க்கரை,
எழில் நகர் மேஸ்திரியின் கிரியேட்டினின்,
பெயரை மெதுவாகச் சொன்ன ஒரு பெண்ணின்
இரண்டு மாதம்.
சரக்கு ரயிலுக்கு அவசரமே கிடையாது.
பின்னால் மீன்வண்டிக்காரர்
ஹாரனில் கை வைத்தபடி தூங்குகிறார்.

பத்தாவதில் முந்நூற்று அறுபத்திரண்டு.
சயின்ஸ் குரூப்புக்கு நானூறு என்று
ஹெச்செம் ரூம் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது.
காமர்ஸ் கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டேன்.
பற்று இடமா வலமா
இன்றைக்கும் குழப்பம்தான்.
ஆனால் கையில் நரம்பு எங்கே ஒளியும் என்று தெரியும்.
நீர்கோத்து ஊதிய கையில்,
கீமோவில் கருத்த கையில்,
வலை இழுத்துக் காய்த்த காசிமேட்டுக் கையில்
தட்ட வேண்டாம், தடவினால் போதும்,
எழுந்து வந்து இங்கேதான் என்னும்.

எட்டு வருஷம்.
சம்பளச் சீட்டில் நான் உதவியாளர்.

ஷாஹிதா போன ஜூலையில் வந்தாள்.
மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப்,
கோட்டில் நூலால் தைத்த பி.எஸ்சி. எம்.எல்.டி.
முதல் வாரமே ஒரு குழந்தையின் கையில்
இரண்டு தரம் குத்தி இரண்டு தரமும் வெறும் ஊசி.
"நகருங்க மேடம்" என்றேன்.
அந்த மேடத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான்.
குத்தியது நான்.
ரிப்போர்ட்டில் கையெழுத்து அவள்.

அப்புறம் அந்த மழை ராத்திரி.
தெருவில் முழங்கால் தண்ணீர்,
தண்டையார்பேட்டை லேபில் நான், அவள், மெஷின்.
ஏழு வயசு டில்லிகுமார், மூன்று நாள் காய்ச்சல்,
ஊதா மூடி ட்யூபில் நான் எடுத்த ரத்தம்.
பிளேட்லெட் பதினோராயிரம் என்றது மெஷின்.
போனை எடுத்துவிட்டேன்.
அவன் அப்பாவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று
வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"இருங்கக்கா."

ஒரு சொட்டு. ஒரு கண்ணாடிச் சில்லு.
இன்னொரு சில்லால் ஒரே இழுப்பு.
சாயம் ஏறிக் காயும்வரை
அவள் டீயையும் தொடவில்லை.
பிறகு தள்ளி நின்று எனக்கு இடம் விட்டாள்.
மைக்ரோஸ்கோப்புக்குள்
ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாள் மாதிரி
கும்பல் கும்பலாய் ஒட்டிக்கொண்டு நின்றன.
"குறையலக்கா. ட்யூப்ல இருக்கிற மருந்துக்குச் சேர்ந்து ஒட்டிக்கிச்சு.
கும்பலை மெஷினுக்கு எண்ணத் தெரியாது.
நீல மூடியில திரும்ப எடுங்க."

எடுத்தேன், ஒரே குத்தில்.
ஒரு லட்சத்து அறுபதாயிரம்.
பையன் பக்கோடா கேட்டான்.

அன்றைக்குப் பொறாமையில் தூக்கம் வரவில்லை.
நரம்பைத் தெரியும் எனக்கு.
நரம்பை விட்டு வெளியே வந்த ரத்தம்
ட்யூபுக்குள் என்ன செய்கிறது என்று
எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட யோசித்ததில்லை.

கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி:
பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல்.
அந்த வரியைப் பல வருஷமாய்த் திட்டியிருக்கிறேன்.
இந்தத் தடவை வாய் வரவில்லை.
போனை எடுத்த கை
இன்னும் என்னோடுதானே இருக்கிறது.

ஆக, முப்பத்தோரு வயசில் மறுபடி பிளஸ் டூ,
திறந்தநிலைப் பள்ளி.
மூர்மார்க்கெட் பக்கம் பழைய புத்தகம் வாங்கினேன்.
முன்னால் வைத்திருந்தவன்
தவளைக்கு மீசை வரைந்திருக்கிறான்,
நுரையீரல் பக்கத்தைக் கிழித்திருக்கிறான்.
வேதியியல் கடல். இயற்பியல் அதைவிட மோசம்.
எல்லாம் சரியாய் நடந்தால்
கோட்டில் அந்த எழுத்தைத் தைக்கும்போது
எனக்கு முப்பத்தாறோ ஏழோ.
"அதுக்குள்ள எல்லாத்தையும் மெஷினே பாத்துடும்" என்கிறான் அண்ணன்.
பார்க்கும்தான்.
கும்பலை?

நாற்பத்தோராவது வேகன் போகிறது.
ஐஸ் பெட்டி மேல் விரித்த புத்தகத்தில்
ஈரம் ஏறி அட்டை வளைகிறது.
கேட் தூக்குகிறார்கள், மீன்வண்டி விழித்துக்கொள்கிறது.
கை கட்டும் ரப்பர் பட்டையைப்
படித்த பக்கத்தில் வைத்து மூடுகிறேன்.
உள்ளே பதினேழு பேரும்
இன்னும் குளிர்ந்தே இருக்கிறார்கள்.