சில நேரம் மட்டும்

தஸ்தகீர் முன்னால் அது ஒருநாளும் செய்ததில்லை.
கோரிமேட்டில் அவர் பட்டறை வாசலுக்கு வந்ததும்
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
இன்ஸ்பெக்டர் வந்த நாளில் பிள்ளைகள் ஒப்பிப்பதுபோல்
பிசகாமல் விழும்.
"நல்லாத்தான இருக்கு பிரகாசி" என்பார்.
கையைத் துடைத்துக்கொள்வார்,
கையைவிட அழுக்கான துணியில்.

பதினாறு வருஷத்து வண்டி.
செம்மடுவு சடையப்பனிடம் வாங்கி ஏழு மாதம்.
மலை ஏறும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது.
இறங்கும்போதுதான், அதுவும் சில நேரம் மட்டும்,
ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த கணத்தில்
இரண்டாம் கியர் தானே கழன்று
நியூட்ரலில் நிற்கும்.
சத்தம்கூட வராது.
பின்னால் நாற்பது பெட்டி பட்டர் ஃப்ரூட்,
முன்னால் வளைவு,
நடுவில் என் வலது கால்.

"செய்யறப்ப கொண்டா" என்றார்.
செய்கிறபோது நான் மலையில் அல்லவா இருப்பேன்.

நோட்டுப் போட்டேன்,
மகளின் போன வருஷத்துக் கணக்கு நோட்டில்.
செவ்வாய். மழை. பாரம் உண்டு. பதினேழாம் வளைவில் கழன்றது.
புதன். பாரம் உண்டு. கழலவில்லை.
வியாழன். காலி வண்டி. மூடுபனி. பதினேழு சும்மா விட்டது,
பதினொன்றில் கழன்றது.
வெள்ளி ஓட்டவில்லை, கொழுந்தன் வீட்டில் காதுகுத்து.
சனி. இரண்டு தடவை.
ஒரு தடவை பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஒரு தடவை இல்லை.
அதையும் எழுதிவைத்தேன்.
எது எதற்குக் காரணம் என்று யார் கண்டது.

தஸ்தகீர் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார்.
கியர் ஆயிலை வடித்து, வெயிலில் காட்டி,
மினுங்கிய தூளை விரலில் தேய்த்தார்.
"இந்த வயசுக்கு இது இருக்கும்."
மவுண்ட் ரப்பரையும் மாற்றினார்.
நாலாயிரத்து இருநூறு ஆயிற்று.
இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியதில்
மகிழ்ந்துபோய் ஒரு படி மிளகு கொடுத்தேன்.
மூன்றாம் வாரம், திங்கள், பதினேழு.
"மிளகத் திருப்பித் தந்துடட்டுமா?" என்றார் போனில்.

அப்புறம் பட்டறையைப் பூட்டிவிட்டு அவரே மலைக்கு வந்தார்.
ஒண்டிக்கடையிலிருந்து அடிவாரம்,
திரும்ப மேலே, திரும்பக் கீழே.
வண்டி பக்கத்தில் இருப்பது யாரென்று அறிந்ததுபோல்
அடக்கமாகவே நடந்துகொண்டது.
மூன்றாவது இறக்கத்தில், பிரேக் போட்டபோது
தண்ணீர் பாட்டில் உருண்டு சீட்டுக்கடியில் போனது.
குனிந்து துழாவிய கை
பாட்டிலோடு ஒரு சைக்கிள் டியூபையும் எடுத்து வந்தது.
"என்னது இது?"
"வாங்கறப்பவே கிடந்துச்சு. சாக்குக் கட்டறதுன்னு வச்சிருக்கேன்."
"ஓரமா நிறுத்து."

ஒரு முனையின் முடிச்சைச் சீட்டுக்கடி போல்ட்டில் மாட்டினார்.
மறுமுனை வளையத்தைக் கியர் கம்பியின் கழுத்தில்.
அளந்து வெட்டியிருந்தது.
இரண்டாம் கியரில் கம்பியைப் பின்னுக்கு இழுத்து
விறைப்பாக நின்றது.
நாங்கள் சடையப்பன் பேரைச் சொல்லவில்லை.
கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு
எங்கள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கியர்பாக்ஸின் மேல்மூடியைத் திறந்து
என் உள்ளங்கையில் கொட்டினார்,
விரல் கணு அளவு ஸ்பிரிங், இரண்டு துண்டாக.
"எப்பவோ உடைஞ்சிருக்கு.
ஒன்னுமேல ஒன்னு நின்னா முழுசு மாதிரியே தள்ளும், குண்டு உக்காரும்.
ஒன்னுக்குள்ள ஒன்னு திருகிப் போயிட்டா
குட்டையாயிரும். அப்பத் தள்ளாது."
செய்து பார்த்தேன்.
நின்றது. அழுத்தினேன், எதிர்த்தது.
லேசாகத் திருகினேன்,
ஒன்றுக்குள் ஒன்று புகுந்து
கையில் பாதிதான் இருந்தது.

ஸ்பிரிங் முப்பத்தைந்து ரூபாய்.
திறந்து மூடிய கூலி வேறு கதை.

போன ஞாயிறு ஒண்டிக்கடையில் சடையப்பன்,
டீ டம்ளரும் கையுமாக.
"வண்டி எப்படிங்க போகுது?"
"நல்லாப் போகுதுங்க" என்றேன்.
சுருட்டி வைத்திருந்த டியூபை எடுத்து நீட்டினேன்.
"உங்களுது. வண்டியிலயே கிடந்துச்சு."
அவர் டம்ளரை இடக்கைக்கு மாற்றி
வாங்கிக்கொண்டார்.
எதிரே மலைமேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது.
இரண்டு டீக்கும் நானே காசு கொடுத்தேன்.