இரண்டு மணிச் சொட்டு

மூன்று நாள் மழை விட்ட காலை,
தெருமுனை மின்பெட்டிக்குக் கீழே
யாரோ கழற்றி எறிந்த காலுறை என்று நினைத்தேன்.
குனிந்ததும் சீறியது.

இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டியிருந்தன,
தபால் உறையைப் பசை போட்டு மூடினாற்போல.
என் குரல் வந்த பக்கம் முகத்தைத் தூக்கி
மறுபடி சீறியது.
உள்ளங்கை அளவு உடம்பு,
அயனாவரம் மொத்தத்தையும் மிரட்டியது.

மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் துளை போட்டு
மடியில் வைத்துக்கொண்டு
ஷேர் ஆட்டோவில் வேப்பேரி போனேன்.
பெட்டி கத்தும்போதெல்லாம்
பக்கத்தில் இருந்தவர்
தன் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

வரிசையில் எனக்கு முன்னால்
கால் ஒடிந்த ஒரு சேவல்,
பிளாஸ்டிக் தின்ற ஒரு ஆடு,
மூச்சிரைக்கிற ஒரு பணக்கார நாய்.
சீட்டு எழுதுகிறவர் நிமிரவில்லை.
பிராணி?
பூனை.
பெயர்?
இல்லை.
உரிமையாளர்?

நாற்பத்தோரு வயது, ஏழு வாடகை வீடு.
கரண்ட் பில் வேறொருவர் பேரில்,
கேஸ் அண்ணன் பேரில்,
வண்டி இன்னும் பைனான்ஸ்காரன் பேரில்.
மு. தணிகாசலம் என்று சொன்னேன்.
எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.
திரும்புகிற வழியில்
அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தேன்.

இடது கண் தேறிடும் சார்,
வலதுக்குச் சொல்ல முடியாது
என்றிருந்தாள் படிப்பு முடிக்காத டாக்டர்.
நாலு மணி நேரத்துக்கு ஒருவாட்டி சொட்டு.
விட்டுடாதீங்க.

ஆறு, பத்து, இரண்டு. ஆறு, பத்து, இரண்டு.

கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து
மூக்குப் பக்கமிருந்து வெளியே துடைக்க வேண்டும்.
துண்டில் கொழுக்கட்டைபோல் மூடினாலும்
ஒரு கால் எப்படியோ வெளியே வந்துவிடும்.
முதல் சொட்டு அதன் மூக்கில்,
இரண்டாவது என் லுங்கியில்,
மூன்றாவதுதான் கண்ணில்.

பார்சல் ஆபீஸில் விரல் வைக்கிற இயந்திரம்
என்னைத் தெரியாது என்றது.
மீண்டும் முயலவும்.
மீண்டும் முயலவும்.
ரேகைமேல் ரேகையாய்க் கீறல்.
நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

பகல் இரண்டு மணிக்கு யார் போடுவது?
இஸ்திரி வண்டி முனிரத்தினம் சாவியைக் கேட்டார்.
"ரெண்டு மணிக்கு சும்மாதான் குந்தினுகீறேன், குடு."
புண்ணியம் என்று ஏதோ சொல்லப்போனேன்.
"அதெல்லாம் இன்னாத்துக்கு?
அது கத்தறது கீழ வரிக்கும் கேக்குது,
கண்ண மூட முடியல."

ஐந்தாம் நாள்
வீட்டுக்கார ஜெசிந்தா அம்மா மாடி ஏறி வந்தார்.
ஏதாச்சும் வளக்கிறீங்களா?
இல்லைங்க, வைத்தியம் பாக்கிறேன்.
வாசலிலேயே நின்றார்.
வாடகைக் கடிதத்தில்
வைத்தியம் பற்றி ஒன்றும் இல்லை.

ஒன்பதாம் நாள், இரவு இரண்டு மணி, கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தில்
இடது இமை கொஞ்சம் பிரிந்தது.
உள்ளே பால் பாக்கெட் நீலம்.
அது என்னைப் பார்த்தது.
என் கையிலிருந்த மருந்துப் புட்டியைப் பார்த்தது.
கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது.
தரையில் படுத்து
அந்த ஒற்றை நீலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்,
சொட்டு இன்னும் பாக்கி.

வலது கண் தேறவில்லை.
கஞ்சி படிந்த கிண்ணம்போல் நின்றுவிட்டது.

மருந்து தீர்ந்து பதினோரு நாளாகிறது.
முனிரத்தினம் சாவியைத் திருப்பித் தரவில்லை,
நானும் கேட்கவில்லை.
சாயங்காலம் ஜன்னல் கட்டையில்
நாங்கள் இருவரும் உட்காருகிறோம்.
கீழே தண்ணி லாரி, காக்கைகள்,
பள்ளிக்கூடம் விட்ட சைக்கிள்கள்.
அதற்கெல்லாம் இடது கண்ணை வைத்திருக்கிறது.
பார்க்காத பக்கத்தை
என் பக்கமாய் வைத்துக்கொண்டு
தூங்கிப்போகிறது.