முந்நூறு மீட்டர்

வியாழன் இரவு பத்தரைக்கு மேல்
செந்தூல் மாமாக் கடையின் கடைசி மேசையில்
ஐந்து கடிகாரங்கள்
மல்லாந்து கிடக்கும்.
தே தாரிக் நுரை அடங்குமுன்
ஆ செங் சட்டைப் பையிலிருந்து
பூதக்கண்ணாடி வந்துவிடும்.

"கிரீடத்தைப் பாரு, நடு முனை கொழுத்துப் போயிருக்கு."
"தேதி இன்னும் பெருசா தெரியணும் லா."
"முள்ளு ஓடுற ஓட்டம் மட்டும் வெண்ணெய்."
தோட்டத்தில் வளர்ந்த சீனன்.
எங்களைவிடச் சுத்தமாகத் திட்டுவான்,
தமிழில்.

தவமலரின் கடிகாரத்துக்கு
இந்த ஒரு ராத்திரிதான் மணிக்கட்டு.
டயாலிசிஸ் வார்டில் முழங்கைக்குக் கீழே
எதுவும் கட்டக் கூடாது.
மற்ற நாளெல்லாம் அது
சீருடைப் பைக்குள், பேனாவுக்குப் பக்கத்தில்,
யாருக்கும் காட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும்.
"போலிதான், ஆனா மனசு சுத்தம்" என்பாள்.

குகனேசனுடையது அசல்.
இரண்டு வருஷம் பட்டியலில் காத்திருந்து,
கடைக்காரன் மனம் குளிர
வேண்டாத பெண்கள் கடிகாரம் ஒன்றையும் வாங்கி,
அதை மனைவிக்குத் திருமண நாள் பரிசென்று கொடுத்து
(திருமண நாள் மார்ச்சில்; கொடுத்தது ஆகஸ்டில்)
கடைசியில் கைக்கு வந்தது.
எங்கள் கையில் தரும்போது
தன் கையையும் கீழே ஏந்திக்கொண்டே இருப்பான்.

மோசஸுடையது பெட்டாலிங் ஸ்திரீட்,
நானூற்று எண்பது வெள்ளி,
பேரம் பேசி நானூற்று முப்பது.
இழுவை லாரி ஓட்டுகிறவன்.
அதே முகப்பு, அதே நீலம், அதே எழுத்து:
முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும்.

என்னுடையதும் அசல்தான்.
ஜப்பான். எழுநூறு வெள்ளி.
அதை ஒருவரும் எடுத்துப் பார்ப்பதில்லை.
சந்தேகப்பட அதில் எதுவுமே இல்லை.

போன வாரம் மழை.
அரை மணியில் சாலை ஆறாகி
கடைக்கு எதிரே ஒரு மைவி
இருமி, இருமி, நின்றுவிட்டது.
மோசஸ் எழுந்தான். கால்சட்டையை மடித்தான்.
கையில் இருந்ததைக் கழற்றவில்லை.

சாரல் எங்கள் மேசைக்கும் வந்தது.
குகனேசன் பரோட்டா போடுகிற தம்பியைக் கூப்பிட்டு
தே கட்டித் தருகிற பிளாஸ்டிக் பை ஒன்று கேட்டான்.
அதற்குள் கடிகாரத்தைப் போட்டான்.
ரப்பரை இரண்டு சுற்றுச் சுற்றினான்.
ஆ செங் பைக்கு மேலேயே கண்ணாடியை வைத்து
சத்தமாக வாசித்தான்:
"முந் நூ று. மீட் டர்."
தவமலருக்குப் புரையேறியது.
"சிரிங்க, சிரிங்க. நான் இன்சூரன்ஸ்காரன்.
தண்ணி என்னென்ன செய்யும்னு
எனக்குத்தான் தெரியும்."

வெளியே முட்டளவுத் தண்ணீரில்
மோசஸ் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தான்.
காரிலிருந்த பெண் அவன் மணிக்கட்டைப் பார்த்துப் பதறி,
"அண்ணே, அவ்ளோ விலை உள்ளதைக் கட்டிக்கிட்டா
தண்ணியில கை வைக்கிறீங்க?"
"அதுக்குத்தானே தங்கச்சி செஞ்சிருக்கான்."
சொல்லும்போது அவன் முகத்தில் இருந்ததை
எந்தத் தொழிற்சாலையும் நகலெடுத்ததில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தான்.
முகப்பு முழுக்க வெள்ளை.
மணியும் இல்லை, முள்ளும் இல்லை,
உள்ளே யாரோ மூச்சு விட்டது போல ஆவி.
யாரும் சிரிக்கவில்லை.
சிரிக்க வேண்டிய குகனேசனே எழுந்து
சமையலறைக்குப் போய்
ஒரு குவளை பச்சரிசியோடு வந்தான்.
"புதைச்சு வை. மூணு நாள் தொடாதே."
அவன் மனைவியின் கைப்பேசிக்குச் செய்து பார்த்த வைத்தியமாம்.

மேசையில் ஒன்று அரிசிக்குள்,
ஒன்று பைக்குள்.
மழை விட்டபாடில்லை.
இரண்டாவது தே வந்தபோதுதான் தவமலர் பார்த்தாள்,
பைக்குள்ளும் மெல்ல வெள்ளை படிந்திருப்பதை.
தம்பி கொடுத்த பையின் அடியில்
ஏற்கெனவே ஈரம் இருந்திருக்கிறது.

குகனேசன் ரப்பரைப் பிய்க்கிறான், வரவில்லை.
பல்லால் கடிக்கிறான்.
"எதுல ஆவி ஜாஸ்தி?" என்கிறான் மோசஸ்.
ஆ செங் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
நாற்காலியை முன்னே இழுக்கிறான்.